போனஸ் வாங்கிக்கொண்டு போனவர்கள்

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தின வாரமே போனஸ் கைக்கு வந்துவிட்டது. நவம்பர் பாதி ஆவதற்குள் 11 பேர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுபது பேர் வரை வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்கூடம் அது. புதுச்சேரியின் தெற்குக் கோடியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கிறது. டப்பா, மூடி, மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் கோப்பை, இந்த மாதிரிச் சரக்கு. யார், எந்த நிறுவனம் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை.

ஆட்கள் ஏன் போனார்கள் என்று கண்டுபிடிக்க முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. அது தனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி மாதம் இரண்டாயிரம் கூடத் தருகிறது, அதனால் ஓடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களை நிறுத்த எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவருடைய வருத்தத்தில் வேறொன்றும் கலந்திருந்தது. அவர் அப்பா முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறி, கடைசியில் 2020-இல் மூடப்பட்ட அதே மில்தான். அந்தத் தலைமுறையில் மில் வேலை கிடைத்தால் சாகிற வரைக்கும் அதுதான். அப்பா ரிட்டயர் ஆகும்வரை ஒரே கேட் வழியாகப் போய் வந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு, போனஸ் வாங்கிய கையோடு போகிறவர்கள் துரோகிகளாகத்தான் தெரிவார்கள். இதை அவர் வாய்விட்டே சொன்னார்.

போனதால் என்ன ஆனது

பதினொரு பேரில் மூன்று பேர் மோல்டு செட்டர்கள், அதாவது வார்ப்பு அச்சை மெஷினில் பொருத்தி ஓட வைப்பவர்கள். நான்கு பேர் இன்ஜெக்‌ஷன் மெஷின் ஆப்பரேட்டர்கள். பேக்கிங்கில் மூன்று பெண்கள், ஸ்டோரில் ஒருவர். எண்ணிக்கையில் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் மூன்று செட்டர்கள் ஒரே மாதத்தில் போவதும் மூன்று ஹெல்பர்கள் போவதும் ஒன்றா?

ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். மெஷின் ஓடும்போது சில நேரம் மூடி வார்ப்பிலிருந்து விழாமல் மோல்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பழைய ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே தொங்கும் பித்தளைக் கம்பியை எடுத்து மெதுவாக நெம்பி எடுப்பார்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், மோல்டின் எஃகைக் கீறாது. நவம்பர் கடைசியில் புதிதாக வந்த பையன் ஒருவன், கம்பியைத் தேட நேரமில்லாமல் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிவிட்டான். உள்ளே மயிரிழை அளவு ஒரு கீறல். அதற்கப்புறம் அந்தக் குழியிலிருந்து வந்த ஒவ்வொரு மூடியிலும் ஒரு கோடு. வாங்கும் கம்பெனி மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியது. மோல்டைக் கழற்றிப் பாலிஷுக்கு அனுப்பி, அது வந்து சேரும்வரை அந்த மெஷின் சும்மா நின்றது.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. பித்தளைக் கம்பி எதற்கு என்று அவனுக்குச் சொல்ல வேண்டிய மூன்று பேரும் அப்போது அங்கே இல்லை.

கடிதத்தில் எழுதியிருந்தது

பதினொரு கடிதங்களையும் வாங்கிப் படித்தேன். எட்டில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று இருந்தது. இரண்டில் "குடும்பச் சூழ்நிலை". பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் "திருமணம்" என்று எழுதியிருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது பேக்கிங்கில் எல்லோருக்கும் தெரியும், ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசி நாளில் உட்கார வைத்து "ஏன் போறீங்க?" என்று கேட்கும் வழக்கமும் அங்கே உண்டு. அந்தப் படிவங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் சம்பளம் என்ற கட்டத்தில்தான் டிக். இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கடைசி நாளில் அந்த ஆளுடைய கடைசி மாதச் சம்பளம், லீவுக் காசு, கிராஜுவிட்டி எல்லாம் கம்பெனி கையில் இருக்கிறது. பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைக் கம்பெனிதான் முதலில் பதிய வேண்டும்; பதியாவிட்டால் தொழிலாளியே பதிந்துகொள்ள இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் கம்பெனியிடம் விட்டுவிட்டு நிற்கிறவர் மேலாளரைப் பற்றி உண்மை பேசுவாரா? சம்பளம் என்று சொல்லிவிட்டால் யார் மனதும் புண்படாது. வெளியே கூடத் தருகிறார்கள், போகிறேன், அவ்வளவுதான்.

அதனால் செட்டில்மென்ட் முடிந்து காசு கைக்கு வந்த பிறகு, அவரவர் ஊரிலும் கன்னியக்கோயில் டீக்கடையிலும் வைத்துத்தான் பேசினேன். கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "ஏன் விட்டீங்க" என்று யாரிடமும் கேட்கவில்லை. "வேற வேலை பாக்கலாம்னு முதல் தடவை எப்ப தோணுச்சு?" என்று கேட்டேன்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1994-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதிருப்தி துளித்துளியாகச் சேர்ந்து ஒரு நாள் நிரம்பி வழிவதால்தான் ஆட்கள் போகிறார்கள் என்று அதுவரை பெரும்பாலும் நம்பினார்கள். இவர்கள் சொன்னது, பல பேருக்கு ஏதோ ஒரு சம்பவம் நடந்து, "இங்கே இருக்கத்தான் வேண்டுமா" என்று உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது என்று. அது கெட்ட சம்பவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்யாணம், பரீட்சை ரிசல்ட்கூட அந்த வேலையைச் செய்யும். காரணத்தைக் கேட்டால் ஆளுக்கொரு சாக்கு சொல்லலாம். தேதியைக் கேட்டால் அப்படிச் சொல்ல வராது.

2024 டிசம்பர் முதல் வாரம்

பதினொரு பேரில் ஏழு பேர் ஒரே வாரத்தைச் சொன்னார்கள். ஃபெஞ்சல் புயல் வாரம்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நகரத்தில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் இடுப்பளவுத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். ஆனால் மேற்கே பெய்த மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, திங்கட்கிழமை விடியற்காலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரைபுரண்டது. புதுச்சேரிப் பக்கம் சோரியாங்குப்பம், குருவிநத்தம், கடலூர்ப் பக்கம் நாணமேடு, உச்சிமேடு என்று ஆற்றை ஒட்டிய ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தொழிற்கூடத்தின் ஆட்களில் பாதிப் பேர் இந்த மாதிரி ஊர்களிலிருந்து வருகிறவர்கள்.

தொழிற்கூடம் சனி, ஞாயிறு மூடியிருந்தது. திங்கட்கிழமை கரண்ட் வந்ததும் திறந்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நானே பார்த்தேன். ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை வரிசையாக 'ஏ', அதாவது ஆப்சென்ட். நான்கு நாள் சம்பளம் கட். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் தரும் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் போயிற்று. அதே பக்கத்தில் ஆபீஸ் ஊழியர்கள் இரண்டு பேருக்கு, கிருஷ்ணா நகர்க்காரர்கள், அந்த நான்கு நாளும் 'பி', அதாவது பிரசென்ட். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான், அவர்களும் வரவில்லை. ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று எழுதியிருந்தார்கள். கரண்டே இல்லாத வீட்டில் என்ன வேலை பார்த்தார்களோ, அது அவர்களுக்கும் மேலாளருக்கும் வெளிச்சம்.

இதைக் கவனியுங்கள். விதிப்படி பார்த்தால் மேலாளர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது பொதுவான விதி, புயலுக்கென்று தனியாக லீவு விதி அந்தக் கம்பெனியில் இல்லை. நான்கு நாள் சம்பளம் போனதற்காக மட்டும் யாரும் வேலையை விட்டதாகவும் சொல்லவில்லை. ஏழு பேரும் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, அந்த 'பி'. இன்னொன்று, ஒரு வாசகம்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் கூடிப் போய் உற்பத்தி மேலாளரிடம் கேட்டிருக்கிறார்கள். மூத்த செட்டர்தான் பேசினார். அவர் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்:

"சார், வூட்ல கழுத்து வரைக்கும் தண்ணி. அம்மாவையும் புள்ளைங்களையும் மாடிவூட்டுக்காரங்க கிட்ட வுட்டுட்டு நிக்கிறோம். வர முடியுமா சொல்லுங்கன்னு கேட்டேன். அவரு சிரிச்சிக்கினே, ஃபயர் சர்வீஸ் போட் வந்துச்சே, அதுல ஏறி வர்றதுதானேன்னாரு. சுத்தி இருந்த ஸ்டாஃப் எல்லாம் சிரிச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

மேலாளரிடம் இதைக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை. பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தமாஷாகப் பேசும் ஆள்தான், அன்றைக்கு ஐந்து மெஷினில் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆர்டர் நிற்கிறது, ஏதோ சொல்லியிருப்பார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர்கள் ஏழு பேரும் வார்த்தை மாறாமல் சொன்னார்கள்.

இடையில் ஒரு விஷயம். அரசு நிவாரணம் புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய், எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் 2,000. பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் இரண்டு பேர், ஒரே ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தவர்கள், இரண்டு விதமாக வாங்கினார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் குறைபட்டுக்கொள்ளவில்லை. அது கவர்மென்ட், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். 'ஏ'-வையும் 'பி'-யையும் விடவில்லை.

வேன்

அந்த ஏழு பேரில் பேக்கிங்கில் இருந்த மூன்று பெண்களும் உண்டு. அவர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாம் ஷிப்ட் ராத்திரி பத்து மணிக்கு விடும். கம்பெனி வேன் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ஊர் மாரியம்மன் கோயில் வரை வந்து இறக்கிவிடும். வெள்ளத்தில் உள்ரோடு அரித்துப்போனதால் வேன் மெயின் ரோட்டோடு நின்றது. அது சரி. ரோட்டைப் பொங்கலுக்குள் சரி செய்துவிட்டார்கள். வேன் மட்டும் திரும்ப உள்ளே வரவே இல்லை. டிரைவருக்குக் கால் மணி நேரம் மிச்சம், கம்பெனிக்கு டீசல் மிச்சம். யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

"வூட்டுக்காரர் டெய்லி பத்து மணிக்கு வண்டி எடுத்துக்கினு ரோட்டுக்கு வரணும் சார். அவரு விடியகாலைல நாலு மணிக்கு எந்திரிச்சி வேலைக்குப் போறவரு. எத்தினி நாளைக்கு வருவாரு?" என்றார் அந்தத் 'திருமணம்' அக்கா. வேன் என்று எழுதாமல் திருமணம் என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். வேன் என்று எழுதினால் வேன் விடுகிறோம் என்பார்களாம், அப்புறம் போக முடியாதாம். அதற்குள் அவர் மனதளவில் போய்விட்டார் என்று அர்த்தம்.

பத்து மாதம் ஏன் காத்திருந்தார்கள்

முதலாளி நம்ப மறுத்த இடம் இதுதான். டிசம்பரில் கோபம் வந்தால் டிசம்பரில் போயிருக்க வேண்டியதுதானே?

கூலிக்காரனுக்குக் கோபத்தில் வேலையை விட வசதி கிடையாது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான் போயிருந்தது, கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் மாதாமாதம் கழிந்துகொண்டிருந்தது. அது முடிய ஆகஸ்ட் ஆயிற்று. அதன்பின் தீபாவளிக்கு இரண்டு மாதம்தான். போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், இந்தக் கம்பெனி அதற்கு மேலேயே கொடுக்கும். முன்னாலேயே போனால் போனஸ் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். சட்டப்படி அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு, நின்றுவிட்டவருக்கும் உண்டு. அது தெரிந்தவர்களும் சொன்னார்கள், "சட்டத்துல இருக்கும் சார், எத்தினி தடவை நடக்க வுடுவாங்க?" என்று.

இன்னொருவர் கணக்கு வேறு. ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. அவருக்கு ஐந்து முடிந்தது 2025 அக்டோபரில். ஒரு நாள் முன்னாலும் போகவில்லை, ஒரு வாரம் பின்னாலும் இருக்கவில்லை.

விடுப்புப் பதிவேட்டை எடுத்துவைத்துப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவரை லீவே போடாத ஆப்பரேட்டர்கள் செப்டம்பரில் தனித்தனியாக ஒரு நாள், அரை நாள் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் வாரநாள். கோயில், காதுகுத்து என்றால் ஞாயிறாக இருக்கும். வாரநாளில் அரை நாள் என்றால் எங்கேயோ இன்டர்வியூ.

சம்பளம் ஏற்றியதால் போனவர்

இதுதான் எனக்கே எதிர்பாராமல் கிடைத்தது. மூன்று செட்டர்களில் ஒருவர் புயலைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் சொன்ன தேதி 2025 ஏப்ரல், சம்பளம் ஏற்றிய மாதம்.

முதலாளி நல்லெண்ணத்தில்தான் செய்தார். இருபதாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 22,000 ஆக்கினார். அரசின் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு மாதம் 21,000. ஏப்ரல், அக்டோபர் என்று அரையாண்டு தொடங்கும்போது அதைத் தாண்டியிருந்தால் அதோடு சந்தா நின்றுவிடும். சம்பளத்தில் பிடித்த முக்கால் சதவீதம், அதாவது நூற்றைம்பது ரூபாய் சொச்சம், மிச்சம். ஆனால் அந்த ஆளின் அம்மாவுக்கு நீண்ட நாள் வைத்தியம் கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு டிசம்பர் கடைசி வரைதான் வைத்தியம் உண்டு. ஜனவரியிலிருந்து சொந்தக் காசு.

அவர் போன இடத்தில் அடிப்படைச் சம்பளம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அப்பா அம்மாவையும் சேர்த்து மெடிக்ளெய்ம் எடுத்துத் தருகிறார்கள். இவருடைய படிவத்திலும் 'சம்பளம்' என்றுதான் டிக் இருந்தது. ஒருவகையில் அது உண்மையும்கூட.

மற்ற மூன்று பேர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் போயிருப்பார்கள். ஒருவர் சிங்கப்பூருக்கு விசா வந்து போனார். ஒருவர் குரூப் 4 பரீட்சைக்கு முழு நேரமாகப் படிக்கிறார். ஸ்டோரில் இருந்தவர் மாமனாரின் முந்திரி வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளப் பண்ருட்டிக்குப் போய்விட்டார். இந்த மாதிரிப் போகிறவர்களுக்காக நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் சம்பளம்?

சம்பளம் காரணமே இல்லை என்று யாராவது பயிற்சி வகுப்பில் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாயிரம் ரூபாய் என்பது அந்தக் குடும்பங்களில் ஒரு மாத சமையல் கேஸும் பால் கணக்கும். ஆனால் இங்கே அது வேலை செய்த இடம் வேறு. சேதராப்பட்டு கம்பெனி அதே சம்பளத்தை 2025 தொடக்கத்திலிருந்தே தந்துகொண்டிருக்கிறது. இந்தத் தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். பாகூர்ப் பக்கத்து ஆள் சேதராப்பட்டு போக வேண்டுமென்றால் புதுச்சேரியைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போக வேண்டும். பஸ் மாறி, போக வர மூன்று மணி நேரம் கரைந்துவிடும், டிக்கெட்டுக்கே நல்ல காசு போய்விடும். வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒருவர் அங்கே போகிறார் என்றால், கூடக் கிடைக்கும் பணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இடிக்கிறது. போவது என்று முடிவான பிறகு எங்கே போவது என்பதைத்தான் அந்த இரண்டாயிரம் தீர்மானித்தது.

முதலாளிக்கு நான் கொடுத்த அறிக்கையில் சம்பள உயர்வுக் கணக்கும் இருந்தது, கேட்டார் என்பதால். கூடவே நான்கு விஷயம் எழுதினேன். வேன் பழையபடி ஊருக்குள் போக வேண்டும். புயல், வெள்ளத்துக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு லீவு விதி, ஆபீசுக்கும் ஷாப் ஃப்ளோருக்கும் ஒன்றே. சம்பளம் 21,000-ஐத் தாண்டுகிறவர்களுக்குப் பெற்றோரையும் சேர்த்து மெடிக்ளெய்ம். நான்காவது, 2024 டிசம்பரில் பிடித்த சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும், போனவர்கள் உட்பட எல்லோருக்கும் திருப்பிக் கொடுப்பது.

முதல் மூன்றையும் ஒப்புக்கொண்டார். நான்காவது வேண்டாம் என்றார். "பழசைக் கிளறினா ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணைத் தூக்கிட்டு வருவான் சார்." பிடித்த தொகையின் மொத்தத்தையும் அந்த ஒரு மோல்டுக்கு ஆன பாலிஷ் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பில்தான் பெரியது. அவர் பார்த்தார், கோப்பை மூடிவிட்டார். இதில் அவர் செய்வது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேலையில் இருக்கிறவர்கள் அந்தப் பணத்தை இன்னும் மறக்கவில்லை.

வேன் இப்போது கோயில் வரை போகிறது. 'திருமணம்' அக்கா வரவில்லை, பக்கத்திலேயே ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டார். மூத்த செட்டர் மட்டும் சேதராப்பட்டுக்கு அலைய முடியவில்லை என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். வந்தால் பழைய சம்பளத்தோடு பழைய சீனியாரிட்டியும் வேண்டும் என்கிறார். கிராஜுவிட்டி வாங்கிக்கொண்டு போனவர் என்பதால் அந்தக் கணக்கு எப்படியும் புதிதாகத்தான் தொடங்கும். லீவிலும் பதவி உயர்விலும் பழைய வருடங்களைச் சேர்த்துக்கொள்ள முதலாளி தயார். உற்பத்தி மேலாளர் முடியாது என்கிறார், ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்களாம். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.